உயர்த்திய குட்டி ஜீப்புக்கு டிரைவ் ஷாஃப்ட் திருத்துவது: அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

டிரைவ் ஷாஃப்ட் என்பது இன்ஜினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு. வண்டியை உயர்த்தும்போது அதற்கு இரண்டு கேடு ஒரே நேரத்தில் நேர்கிறது. நீளம் போதாமல் போகிறது, கோணம் கூடிவிடுகிறது. நீளக் குறை கண்ணுக்குத் தெரியும். ஷாஃப்ட் நீண்டு குறுக இடம் தரும் சறுக்கு இணைப்பான ஸ்லிப் வெளியே நீண்டு, அதன் பளபளக்கும் ஸ்ப்லைன் பற்கள் (நீளவாட்டுப் பற்கள்) எட்டிப் பார்க்கும். அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் சரிசெய்ய ஓடுகிறார்கள். கோணம் கண்ணுக்குத் தெரியாது. என் கைக்கு உடைந்து வந்த ஷாஃப்டுகளில் பெரும்பாலானவை நீளம் சரியாக இருந்தவைதான். கோணத்தை யாரும் அளந்திருக்கவில்லை.

ஆகவே இங்கே வரிசை முக்கியம்: முதலில் கோணம், அடுத்து நீளம், அதன் பிறகுதான் கட்டிங் வீலும் வெல்டிங்கும். முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் கொண்ட சிறிய வண்டிகளுக்காக இதை எழுதுகிறேன். சுசுகி எஸ்.ஜே.410, எஸ்.ஜே.413, சாமுராய், ஜிப்சி, ஜிம்னி எல்லாம் இந்த வகை. தனித்தனிச் சக்கரத் தொங்கலும் ரப்பர் பூட் போட்ட அரை ஷாஃப்டும் உள்ள வண்டிகளின் கணக்கு வேறு. அவை இங்கே வரா.

குட்டி வண்டியில் ஏன் இவ்வளவு சிக்கல்

சாமுராயின் குட்டை வகைக்கு வீல்பேஸ் 2,030 மி.மீ. ஜிப்சிக்கு 2,375. அதற்குள் இன்ஜின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி) எல்லாம் உட்கார்ந்த பிறகு பின் ஷாஃப்டுக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். 1,300 மி.மீ. நீள ஷாஃப்ட் உள்ள பெரிய வண்டியை 100 மி.மீ. உயர்த்தினால் ஷாஃப்டின் சாய்வு நாலரை டிகிரி அளவுக்குக் கூடும். அதே உயர்த்தலை 700 மி.மீ. ஷாஃப்ட் உள்ள வண்டியில் செய்தால் எட்டு டிகிரி கூடுகிறது. பெரிய வண்டிக்காரர் எதுவும் செய்யாமல் தப்பித்துவிட்டார் என்பதற்காக நீங்களும் தப்பித்துவிட முடியாது.

எஸ்.ஜே. வகையில் இன்னொரு விசேஷம் உண்டு. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் இணைக்கிறது. முன், பின், நடு என்று மொத்தம் மூன்று ஷாஃப்ட். பின் ஷாஃப்டின் கோணத்தைக் குறைக்கலாம் என்று ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கினால் நடு ஷாஃப்டின் கோணம் கெடும். ஒன்றைத் தொட்டால் மூன்றையும் அளக்க வேண்டும்.

கிராஸ் எப்படிச் சுழல்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிராஸ் என்பது ஷாஃப்டின் முனை மூட்டில் உட்காரும் சிலுவை வடிவத் துண்டு. கிராஸ் வைத்த மூட்டு வளைந்த நிலையில் சுழலும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் ஆறு சதவீதம். 30 டிகிரியில் ஒரு பக்கம் 13, மறுபக்கம் 15 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் குலுக்கல் நான்கு மடங்காகிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இந்த மூட்டை ஆராய்ந்தார். இரண்டு மூட்டுகளை ஜோடியாகப் போட்டால் ஒன்றின் கோளாறை மற்றொன்று நீக்கும் என்ற வழியும் அவர் காலத்திலிருந்தே தெரிந்ததுதான்.

அப்படி நீங்க இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் இரண்டு காதுள்ள கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டைத் தரையில் வைத்துப் பார்த்தால் இரண்டு முனைகளின் காதுகளும் ஒரே நேராகப் படுத்திருக்க வேண்டும். இரண்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையின் கோணமும் பினியன் (ஆக்ஸிலுக்குள் ஷாஃப்ட் சுழற்றும் சிறு பல்சக்கரம்) முனையின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்குள் வந்தால் போதும்.

சமமாக இல்லையென்றால் என்ன? ட்ரான்ஸ்ஃபர் பக்கம் 13 டிகிரி, பினியன் பக்கம் 7 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஆறுதானே என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. இரண்டின் வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுக்க வேண்டும். 169 கழித்தல் 49, 120; அதன் மூலம் கிட்டத்தட்ட 11. அதாவது ஒற்றை மூட்டை 11 டிகிரி வளைத்து ஓட்டினால் வரும் குலுக்கல் அப்படியே ஆக்ஸிலுக்குப் போகிறது.

கழற்றுவதற்கு முன்

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிய நொடியே கைபிரேக்குக்கும் பின்சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் அதே கதிதான். உங்கள் வண்டியில் கைபிரேக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். அடியில் படுக்கும் முன் ஸ்டாண்ட் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது.

கழற்றும்போது இரு முனை ஃபிளாஞ்சுகளிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகள்) ஸ்லிப்பின் இரு பாதிகளிலும் சென்டர் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி அடித்துவிடுங்கள். பெயின்ட் குறி டீசலில் கழுவும்போது போய்விடும்.

கோணம் அளப்பது

டிஜிட்டல் சாய்வுமானி ஒன்று போதும். அடியில் காந்தம் உள்ளதாக இருந்தால் நல்லது. வண்டி தன் எடையில், நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். வழக்கமாக ஏற்றும் ஸ்பேர் டயர், கருவிப் பெட்டி, வின்ச் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். காலி வண்டியில் எடுத்த அளவு காலி வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும்.

மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வெளி ஃபிளாஞ்சின் முகம், ஷாஃப்ட் டியூப், பினியன் ஃபிளாஞ்சின் முகம். ஃபிளாஞ்ச் முகத்தில் அளந்தால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடுங்கள். ஷாஃப்டுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் உள்ள வித்தியாசம் முன் மூட்டின் கோணம். ஷாஃப்டுக்கும் பினியனுக்கும் உள்ள வித்தியாசம் பின் மூட்டின் கோணம். ட்ரான்ஸ்ஃபர் 3 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்து, ஷாஃப்ட் 14 டிகிரி சரிந்து, பினியனும் 3 டிகிரியில் இணையாக இருந்தால் இரு மூட்டும் 11 டிகிரி. சமம். நல்ல நிலைமை.

எத்தனை டிகிரி வரை பொறுக்கலாம்? சாலையிலும் ஓடும் குட்டி வண்டிக்கு, நிற்கும் உயரத்தில் 12 டிகிரி வரை சாதாரணக் கிராஸ் ஷாஃப்டை நான் ஒத்துக்கொள்வேன். 15 தாண்டினால் இரட்டை மூட்டு ஷாஃப்டைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம். நடுவில் இருப்பவர்கள் எவ்வளவு தூரம் வேகமாக ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுக்கலாம். பூஜ்யமும் நல்லதல்ல; அரை டிகிரியாவது இல்லாவிட்டால் கிராஸின் முனைகளில் உள்ள ஊசிப் பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று கிராஸில் பள்ளம் விழ வைக்கும்.

பினியனைத் திருப்ப வேண்டுமா

பட்டை ஸ்பிரிங் உள்ள பின் ஆக்ஸிலில், பட்டைக்கும் ஆக்ஸில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியனை மேல் நோக்கித் திருப்பலாம். ஸ்டீல் ஆப்பாக இருக்கட்டும். அலுமினிய ஆப்பு அடிபட்டு அடிபட்டு நசுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இரு முனையும் சாதாரண மூட்டு என்றால் பினியன் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சுக்கு இணையாக இருக்க வேண்டும். ‘பினியனை மேலே தூக்கினால் கோணம் குறையும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆப்பு வைத்து, ஒரு முனையை மட்டும் குறைத்து, சமத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. மேலே சொன்ன 13க்கும் 7க்கும் உள்ள பேதம் இப்படித்தான் பிறக்கிறது. பினியனை ட்ரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்கும்படி திருப்புவது இரட்டை மூட்டு ஷாஃப்டுக்கு மட்டுமே உரியது. அதில் ட்ரான்ஸ்ஃபர் பக்கம் இரண்டு கிராஸ் முதுகோடு முதுகாக உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும்; அதனால் பினியன் பக்கம் கோணமே இருக்கக் கூடாது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால், நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம்.

முன் ஆக்ஸிலில் ஆப்பு வைக்கும் முன் இன்னொரு கணக்கு பார்க்க வேண்டும். பினியனை மேலே திருப்பினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. காஸ்டர் குறைந்தால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் அலையும், திருப்பத்துக்குப் பிறகு தானாக நேராகாது. முன் ஷாஃப்ட் நாலு சக்கரத்தில் போட்டால் மட்டும்தான், அதுவும் மெதுவான ஓட்டத்தில்தான் சுமை இழுக்கப் போகிறது. ஹப் விடுவிக்கும் வசதி இருந்தால் சாலையில் சுழலவே சுழலாது. எனவே முன்னால் ஷாஃப்ட் கோணத்தில் கொஞ்சம் குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு காஸ்டரைக் காப்பாற்றுங்கள். ஸ்டியரிங் அலைந்தால் உயிருக்கு ஆபத்து. ஷாஃப்ட் அதிர்ந்தால் கிராஸ்தான் போகும்.

மூன்று நிலையில் நீளம்

பினியன் கோணம் முடிவான பிறகுதான் நீளம். ஆப்பு வைத்தால் ஃபிளாஞ்சின் இடம் மாறிவிடும், அதனால்தான் இந்த வரிசை.

ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து ஃபிளாஞ்ச் முகம் வரை மூன்று முறை அளக்க வேண்டும். முதலாவது, வண்டி தன் எடையில் நிற்கும்போது. இரண்டாவது, சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, ஷாக் அப்சார்பர் இழுத்துப் பிடிக்கும் வரை ஆக்ஸில் முழுவதும் தொங்கும்போது. மூன்றாவது, ஆக்ஸில் மேலேறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும்போது. மூன்றாவதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் அதற்கு உழைப்பு வேண்டும். காயில் ஸ்பிரிங் என்றால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஜாக்கியால் ஆக்ஸிலைத் தூக்குங்கள். பட்டை என்றால் மெயின் பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றித் தூக்குங்கள். மெயின் பட்டையையும் எடுத்துவிட்டால் ஆக்ஸில் உண்மையில் நகரும் வளைவு கிடைக்காது.

நான் செய்த முதல் ஷாஃப்டுக்கு இந்த மூன்றாவது அளவை எடுக்கவில்லை. ஆக்ஸில் தொங்கும்போது எடுத்த நீளத்தை வைத்துத் தாராளமாகவே செய்தேன், ஸ்லிப் கழன்றுவிடக் கூடாதே என்ற பயத்தில். ஒரு பள்ளத்தில் பின்பக்கம் இறங்கி அமுங்கியபோது ஸ்லிப் அடிவரை போய் முட்டி, மீதி விசையை ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் பேரிங் வாங்கிக்கொண்டது. ஹவுசிங்கில் விரிசல். எண்ணெய் வழிந்து, வண்டியைக் கட்டி இழுத்து வர வேண்டியதாயிற்று. ஒரு மணி நேர அளவெடுப்பை மிச்சம் பிடித்ததற்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போயிற்று.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நிற்கும்போது 720 மி.மீ., தொங்கும்போது 742, அமுங்கும்போது 703 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முழுக்க அமுங்கிய நிலையிலும் ஸ்லிப்பில் 20 மி.மீ. இடம் மிச்சமிருக்க வேண்டும் என்பது என் கணக்கு, ஏனென்றால் ரப்பர் பம்ப் ஸ்டாப் நசுங்கும், சேஸிஸும் கொஞ்சம் வளையும். ஆகவே முழுதாக உள்ளே தள்ளிய ஷாஃப்டின் நீளம் 683. தொங்கும்போது அது 59 மி.மீ. வெளியே வந்திருக்கும். உள்ளே தள்ளிய நிலையில் ஸ்ப்லைன் 100 மி.மீ. கவ்வியிருந்தால், தொங்கும்போது 41 மி.மீ. கவ்வல் மிஞ்சும். ஸ்ப்லைன் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது கவ்வல் வேண்டும் என்று நான் வைத்திருக்கிறேன். விட்டம் 27 மி.மீ. என்றால் 40.5. மயிரிழையில் தேறுகிறது. தேறவில்லை என்றால் இரண்டே வழி: நீள ஸ்லிப் வாங்குவது, அல்லது ஆக்ஸில் அவ்வளவு தூரம் தொங்காமல் பட்டி கட்டுவது.

இதே நேரத்தில் பழைய ஷாஃப்டைத் தொங்கும் நிலையில் தற்காலிகமாகப் பூட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது யோக்கின் காது எதிர் யோக்கில் இடித்தால் ‘டிக்’ என்று நிற்கும். உரசல் தடமும் தெரியும். சாதாரண யோக்குகள் பல 20 முதல் 25 டிகிரிக்குள் இடித்துவிடும். ஆங்கிள் கிரைண்டரால் இடிக்கும் மூலையை ஒன்றிரண்டு மி.மீ. மழுக்கலாம், கிராஸின் பேரிங் கப் உட்காரும் வளையத்தைத் தொடவே கூடாது. அதற்கு மேல் தேய்த்தால்தான் சுற்றும் என்றால், அந்த வண்டிக்குத் தேவை தொங்கலைக் குறைக்கும் பட்டிதான்.

எந்த வழியில் நீட்டுவது

ஃபிளாஞ்சுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் தடித்த வட்டு ஒன்றை வைத்து நீளக் குறையை ஈடுகட்டுவது மிக எளிது. 20 மி.மீ. வரை போதுமென்றால் அதில் தவறில்லை. ஆனால் வட்டின் இருபுறமும் மையம் பிடிக்கும் விளிம்பு இருக்க வேண்டும். போல்ட் துளையை நம்பி மையம் பிடித்த வட்டு நிச்சயம் அதிரும். போல்ட் 10.9 தரம், நீளம் அதற்கேற்ப. ஸ்லிப் போதாத வண்டிக்கு வட்டு உதவும். கோணம் கூடிய வண்டிக்கு அது எதையும் செய்யாது.

சதுரக் குழாய்க்குள் சதுரக் குழாயை நுழைத்துச் செய்யும் ஷாஃப்ட் இன்னொன்று. எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். பாறையில் தவழ்வதற்கு மட்டும் ஓடும் வண்டியின் முன் ஷாஃப்டாக அதை ஏற்கலாம். அதைப் பேலன்ஸ் செய்யவே முடியாது. சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

இரட்டை மூட்டு ஷாஃப்ட் நல்ல தீர்வுதான், ஆனால் அதன் தலை நீளமானது. ஏற்கெனவே குட்டையான ஷாஃப்டில் தலை இடத்தைத் தின்றுவிட்டால் பினியன் மூட்டுக்கும் தலைக்கும் நடுவே ஸ்லிப் வைக்க இடம் இருக்காது. வாங்கும் முன் 703 போன்ற உங்கள் குறைந்தபட்ச அளவைக் கொடுத்துக் கேளுங்கள்.

மிச்சமிருப்பது, டியூபையே புதிதாகப் போடுவது. 75 மி.மீ. அளவுக்கு உயர்த்திய குட்டி வண்டிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்.

டியூப் மாற்றுவது

பழைய டியூபை நடுவில் வெட்டி ஒரு துண்டை ஒட்டுப் போடாதீர்கள். முறுக்கு முழுவதும் அந்த ஒட்டின் வழியாகப் போக வேண்டியிருக்கும், நேராகவும் வராது. புது டியூப் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக இருக்கட்டும்.

டியூப் தேர்வில் கவனம் வேண்டும். மாண்ட்ரல் (உள்ளே வைக்கும் அச்சுக் கம்பி) மேல் குளிர்நிலையில் இழுத்த ஸ்டீல் டியூபாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் கைப்பிடிக் குழாயும் வட்டத்திலும் சுவர்த் தடிமனிலும் சீராக இருக்காது. சுவர் 3 மி.மீ. இருந்தால் பாறையில் அடிபட்டாலும் நசுங்காமல் தாங்கும். நீள டியூப் வேகத்தில் வில்லாக வளைந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வெளி விட்டத்தின் வர்க்கத்தையும் உள் விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்து, 12 கோடியால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள், எல்லாம் மி.மீ. கணக்கில். வருவது ஸ்டீல் டியூபின் ஆபத்தான சுழற்சி, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று. 50 மி.மீ. வெளி, 44 உள், 700 நீளம் என்றால் 16,000க்கு மேல். 1,200 நீளத்தில் அது 5,500 அளவுக்கு விழும். அதில் எழுபது சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும். 750 மி.மீ. டயரும் 3.9 ஆக்ஸில் விகிதமும் உள்ள வண்டி 100 கி.மீ. வேகத்தில் போனால் ஷாஃப்ட் சுற்றுவது நிமிடத்துக்கு 2,760 தடவைதான். குட்டி வண்டியில் இது கவலையே இல்லை.

இனி வேலை. டியூபின் மேல் இரு யோக்குகளையும் இணைக்கும் ஒரு நேர்க்கோட்டைக் கீறிக்கொள்ளுங்கள். பழைய வெல்டிங்கிலிருந்து வெல்டிங் வரை டியூபின் நீளத்தைக் குறியுங்கள். பழைய ஷாஃப்டை முழுதாக உள்ளே தள்ளி அளந்தால் வருவதற்கும் உங்களுக்கு வேண்டிய 683க்கும் உள்ள வித்தியாசத்தை அதோடு கூட்டினால் புது டியூபின் நீளம்.

பழைய வெல்டிங்கை லேத்தில் கடைந்து எடுப்பதுதான் முறை. கிரைண்டரால் எடுத்தால் யோக்கின் கழுத்து கோணலாகத் தேயும், பிறகு டியூப் நேராக உட்காராது. கழுத்து டியூபுக்குள் தட்டி ஏற்றும் இறுக்கத்தில் போக வேண்டும். கையால் வழுக்கிக்கொண்டு போனால் டியூப் அளவு தவறு. வெல்டிங்கால் அந்த இடைவெளியை நிரப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஏற்றியதும் இரு யோக்குகளின் காதுகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள். சமமான மேசையில் இரு முனைக் கப் துளைகளிலும் நேரான கம்பி நுழைத்து, இரண்டின் மேலும் சாய்வுமானி வைத்தால் துல்லியமாகத் தெரியும். பிறகு எதிரெதிராக நான்கு புள்ளி வெல்டிங். அப்படியே லேத்துக்கு எடுத்துப் போய் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். நீளம் முழுவதும் கோட்டம் 0.25 மி.மீ.க்குள் வரும்வரை மென்மையாகத் தட்டிச் சரிசெய்யுங்கள். இந்தக் கட்டத்தில் அரை மணி நேரம் செலவழித்தால் பேலன்ஸ் மெஷினில் பாதி வேலை மிச்சம்.

முழு வெல்டிங்குக்கு முன் கிராஸ்களைக் கழற்றி வைத்துவிட வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எர்த்தைத் தூரத்தில் மாட்டி, கரன்ட் ஊசிப் பேரிங் வழியாகப் பாய்ந்தால் ஊசிகளில் பொறி பட்டுச் சிறு குழிகள் விழும். புதுக் கிராஸ் சில நாளிலேயே கீச்சிடும். ஸ்ப்லைன் மேல் நீல நைலான் பூச்சு இருந்தால் ஈரத்துணி சுற்றுங்கள், சூட்டில் உருகிவிடும். யோக் அடித்து உருவாக்கிய கெட்டி எஃகு என்பதால் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிவிட்டுப் பற்றவைத்தால் ஓரத்தில் விரிசல் வராது. கால் வட்டம் போட்டு, எதிர்ப்பக்கம் கால் வட்டம், பிறகு மற்ற இரண்டும். தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறிய பின் மறுபடி டயல் கேஜ்.

பத்து வருடம் தினமும் வெல்டிங் செய்பவரிடம் இந்த ஒரு வேலையைக் கொடுத்துவிடுவதில் குறைவொன்றும் இல்லை. அளவெடுப்பும் கோணமும் நேர் பார்ப்பதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

பேலன்ஸ்

ஷாஃப்டுகளுக்குச் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. சொல்லும் பேலன்ஸ் தரம் ஜி16. 6 கிலோ ஷாஃப்ட் 3,000 சுற்றில் ஓடுவதாக வைத்தால், 25 மி.மீ. ஆரத்தில் மொத்தம் 12 கிராம், முனைக்கு ஆறு ஆறு கிராம் வரைதான் ஏறக்குறைய இருக்கலாம். ஒட்டியிருக்கும் வெல்டிங் சிதறலும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஸ்லிப், கிராஸ், ஃபிளாஞ்ச் எல்லாம் பூட்டிய நிலையில்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். பேலன்ஸ் ஆன உடனே ஸ்லிப்பின் இரு பாதிக்கும் புதிதாகக் குறி அடியுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினால் பேலன்ஸும் போகும், யோக்குகளின் தளமும் போகும். இந்த ஒரு பல்லைத் தேடி வாரக்கணக்கில் டயரையும் இன்ஜின் மவுண்டிங்கையும் மாற்றிக்கொண்டிருந்த வண்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

கிராஸும் பூட்டுதலும்

கப்பை வைஸில் நேராக அழுத்தி ஏற்றுங்கள். பாதியில் இறுகினால் நிறுத்துங்கள்; ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்திருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த ஊசி உடைந்து உள்ளேயே கிடக்கும். கப்பைப் பிடிக்கும் லாக் வளையம் போட்ட பிறகு கிராஸ் நான்கு பக்கமும் ஒரே எதிர்ப்போடு அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கப் பின்னுக்கு நகர்ந்து லாக்கில் உட்காரும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸா, மூடிய கிராஸா? நிப்பிளுக்காக நடுவில் துளையிட்ட கிராஸ் கொஞ்சம் பலம் குறைந்ததுதான். ஆனால் ஓடையில் இறங்கும் வண்டிக்கு நான் நிப்பிள் உள்ளதையே போடுவேன்; தண்ணீரையும் சேற்றையும் புதுக் கிரீஸால் வெளியே தள்ள வேறு வழியில்லை. நான்கு சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஸ்லிப்பில் மட்டும் அளவோடு நிறுத்த வேண்டும். அங்கே திணித்துவிட்டால் கிரீஸே கட்டையாக நின்று ஸ்லிப்பை உள்ளே போகவிடாது. மேலே சொன்ன ஹவுசிங் விரிசல் இந்த வழியிலும் வரும்.

ஃபிளாஞ்ச் முகங்களைத் துருவும் பெயின்ட்டும் இல்லாமல் சுத்தம் செய்து, புது லாக் நட் போட்டு, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் டார்க்கில் குறுக்கு வரிசையாக முறுக்குங்கள். நட்டின் மேல் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் தளர்ந்ததா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். முன் மூட்டுக்கு அருகே சேஸிஸிலிருந்து ஒரு ஸ்டீல் வளையமும் மாட்டிவிடுங்கள். அந்த மூட்டு உடைந்தால் ஷாஃப்டின் தலை தரையில் குத்தி வண்டியைத் தூக்கும். வளையம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்ப்பது

சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்காதீர்கள். ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும், அந்தக் கோணத்தில் எந்த ஷாஃப்டும் அதிரும், கிராஸும் கெடும். சாலையில்தான் பார்க்க வேண்டும். 30, 40, 50 என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

அதிர்வு வந்தால் முதலில் அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுங்கள். அதிர்வு தொடர்ந்தால் இன்ஜின் காரணமில்லை. வேகம் கூடக் கூட அதிர்வும் வளர்ந்து, மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பேலன்ஸில் குறை. மிதிக்கும்போது கூடி, விட்டதும் குறைந்தால், அல்லது நேர்மாறாக நடந்தால், பினியன் கோணத்தில் குறை. பட்டை முறுகும்போது கோணம் மாறுவதால் அப்படி வருகிறது. கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஷாஃப்ட் 2,200 சுற்றில் ஓடும்போது 37 ஹெர்ட்ஸ் வந்தால் பேலன்ஸ், அதன் இரட்டிப்பான 73 வந்தால் கோணம் அல்லது யோக் தளம்.

சிறு பேலன்ஸ் குறையை வண்டியிலேயே சரிசெய்யலாம். டியூபின் பின்முனையில் ஒரு ஹோஸ் கிளிப் மாட்டி, அதன் திருகு இருக்கும் பக்கத்தைக் கால் வட்டம் கால் வட்டமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் அமைதியாகிறதோ அங்கே நிறுத்துங்கள். கோணக் குறையை இப்படி மறைக்க முடியாது. ஆப்பை மாற்றத்தான் வேண்டும்.

100 கி.மீ. ஓடியதும் எல்லா ஃபிளாஞ்ச் போல்டையும் மறுபடி டார்க் பாருங்கள். அப்போதே கிராஸ் கப் ஒவ்வொன்றையும் கையால் தொடுங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அதில் ஊசி சாய்ந்திருக்கிறது, அன்றே கழற்றுங்கள். ஸ்லிப் எவ்வளவு தூரம் போய் வந்தது என்று பார்க்க, ஸ்ப்லைன் மேல் கட்டியிருக்கும் தூசுக் கோட்டை அளந்து, முன்பு எழுதி வைத்த 703, 742 கணக்கோடு ஒப்பிடுங்கள். வெளியே போகும்போது ஒரு ஜோடிக் கிராஸ், லாக் பிடுங்கும் பிளையர், பெரிய சாக்கெட் ஒன்று வண்டியில் இருக்கட்டும். பின் ஷாஃப்ட் காட்டில் உடைந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு சக்கரத்தில் போட்டு, முன் ஷாஃப்டின் இழுப்பில் மெதுவாகத் திரும்பி வரலாம்.